மீன்மேனியில் தோன்றும் வெண்மை

கண்ணாடித் தொட்டியில் வாழும் மீனின் மேனியில் வெண்மை கண்டவுடன் வளர்ப்போர் செய்வது பெரும்பாலும் ஒன்றே. அருகிலுள்ள மீன்கடைக்குச் சென்று, "மீனுக்கு வெள்ளை பிடித்துவிட்டது" என்பர். கடைக்காரரும் "குலாட்" என்று மலாய்மொழியில் அதற்குப் பெயரிட்டு, நீலமருந்தோ மஞ்சள்பொடியோ எடுத்துக் கொடுப்பார். குலாட் என்பது பூஞ்சையைக் குறிக்கும் சொல். சொன்னவரும் கேட்டவரும் மனநிறைவோடு பிரிவர். மூன்றாம் நாள் மீன்கள் செத்து மிதக்கும். மருந்து போலி என்பார் ஒருவர். மீன் நோஞ்சான் என்பார் மற்றொருவர். உண்மை யாதெனின், மருந்தும் குற்றமுடையதன்று, மீனும் குற்றமுடையதன்று; நோய்க்கு இட்ட பெயரே பிழை.

வெண்மை ஒரு நோயன்று; பல நோய்களுக்குப் பொதுவாய் அமைந்த ஒரு முகம். ஒட்டுண்ணியாலும் வெண்மை தோன்றும், பூஞ்சையாலும் தோன்றும், பாக்டீரியாவாலும் தோன்றும். நோயே இல்லாமலும் தோன்றும். இவற்றுள் ஒன்றுக்கு நலம் செய்யும் மருத்துவமே மற்றொன்றுக்குக் கேடு செய்வதும் உண்டு. பள்ளி அறிவியல் அறையிலும் வீட்டு முற்றத்திலும் மீன் வளர்க்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வேற்றுமையைக் கண்ணால் பிரித்தறியக் கற்றல் இயலும். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு கைவிளக்கு, ஓர் உருப்பெருக்கி, சிறிது பொறுமை ஆகியவை போதும்.

மீனின் தோல்

மீனின் தோல் நம் தோல் போன்றதன்று. நம் தோலின் மேற்படை உயிரற்ற செல்கள் அடுக்கடுக்காய்க் காய்ந்து அமைந்த கவசம். மீனுக்கு அத்தகைய காய்ந்த கவசம் இல்லை. அதன் தோலில் நீரைத் தொடும் கடைசிப் படையும் உயிருள்ளதே. செதில்களே வெளிக்கவசம் எனப் பலர் எண்ணுவர். அது சரியன்று. செதில்கள் உட்தோலில் வேரூன்றி நிற்பவை. அவற்றின் மீதும் மெல்லிய மேற்றோல் ஒன்று போர்த்துள்ளது. அம்மேற்றோலில் உள்ள செல்கள் இடைவிடாது வழுவழுப்பான கோழையைச் சுரக்கின்றன. மீனைப் பிடித்தால் கைநழுவச் செய்வது அக்கோழையே. நோய்க்கிருமிகளைப் பற்றவொட்டாமல் வழித்துக்கொண்டு போவதும், கிருமிகளை அழிக்கும் பொருள்களைத் தாங்கி நிற்பதும் அதுவே.

இத்தோல் கிழிந்தால் நேரும் தீங்கு இருவகைப்படும். கிருமி நுழைவது ஒன்று. மற்றொன்றைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நன்னீர் மீனின் குருதியில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புக்கு ஒப்பான கரைபொருள்கள் உள்ளன. சுற்றியுள்ள நீரிலோ உப்பு மிகக் குறைவு. ஆகலின் நீர் எந்நேரமும் மீனின் உடலுக்குள் புகமுயல்கின்றது. உடலின் உப்பு வெளியேற முயல்கின்றது. நலமான தோலும் கோழையும் இப்போக்கைத் தடுத்து நிற்கும். மிஞ்சிப் புகுந்த நீரைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். தோலில் புண் உண்டாயின் அணை உடைந்த கதையே. புண்பட்ட மீன் சில வேளைகளில் கிருமியால் சாவதற்கு முன்னரே, உப்பை இழந்தும் நீர் கோத்தும் மடிகின்றது. நீரில் சிறிது உப்புக் கலத்தல் ஏன் பல நோய்களுக்கும் துணைமருந்தாகின்றது என்பதற்கு விடை இங்கேயே கிடைக்கின்றது. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை உப்பு குறைக்கின்றது. மீனின் உழைப்பும் குறைகின்றது.

நோயல்லாத வெண்மை

நோய்களுக்குச் செல்லுமுன் நோயல்லாத ஒன்றைச் சொல்லிவிடுதல் நன்று. ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள்மூடியின் மீதும், பக்கத்துடுப்பின் முன்முள் மீதும் வெண்ணிறச் சிறு முளைகள் தோன்றும். அவை வரிசையாய், ஒரே அளவாய், அவ்விரண்டு இடங்களிலேயே நிற்கும். மீன் நன்றாய் உண்ணும், நன்றாய் நீந்தும். சில வாரங்களில் அவை தாமே மறையும். இவற்றை வெண்புள்ளி நோய் என மயங்கி மருந்திட்டு, நலமாயிருந்த மீனைக் கொன்றவர் பலர். மீனின் வேறெந்த இடத்திலும் புள்ளி இல்லையேல், மருந்துக் குப்பியை மீண்டும் அலமாரியில் வைத்துவிடலாம்.

உப்புமணி தூவியது போல

மெய்யான வெண்புள்ளி நோயை மலாய்க்காரர் "பிந்தீக் பூத்தே" என்பர். நன்னீர் மீன்களுக்கு வரும் நோய்களுள் மிகப் பரவலானது இதுவே. இதனை உண்டாக்குவது ஒரு செல்லாலான ஒட்டுண்ணி. 1876ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினரான ஃபூக்கே என்பார் இதற்கு இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ் எனப் பெயரிட்டார். கடுமையான பெயராய்த் தோன்றினும் பொருள் எளிது. முதற்சொல் கிரேக்கம், மீன்பேன் என்பது பொருள். இரண்டாவது சொல் இலத்தீன். பல பிள்ளைகளை உடையது என்பது பொருள். பல்மகவு மீன்பேன் எனத் தமிழாக்கிக்கொள்ளலாம். உண்மையில் இது பேனன்று. ஆயினும் பிள்ளைகளின் எண்ணிக்கை பற்றிய பகுதி முற்றிலும் பொருந்தும்.

அது பொருந்துமாற்றைக் காண்போம். மேனியில் காணும் ஒவ்வொரு புள்ளியும் உப்புமணி அளவினது, ஒரு மில்லிமீட்டருக்கு மிகாதது. அதனுள் ஓர் ஒட்டுண்ணி மேற்றோலுக்குக் கீழே அமர்ந்து, மீனின் செல்களைத் தின்று கொழுக்கின்றது. மேலே தோல் மூடியிருத்தலின் நீரில் கலந்த மருந்து அதனை எட்டாது. முதிர்ந்தபின் தோலைக் கிழித்து வெளியேறித் தொட்டியின் அடியிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையைச் சுரந்து, அவ்வுறைக்குள் இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிரிகின்றது. நூற்றுக்கணக்கில், சில வேளைகளில் ஆயிரத்திற்கும் மேலாக, இளம் உயிர்கள் வெளிப்பட்டு மீனைத் தேடி நீந்துகின்றன. ஏறத்தாழ இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்கவில்லையேல் அவை இறந்துபடும். மருந்து கொல்வது நீந்தித் திரியும் இந்த இளம் உயிர்களை மட்டுமே.

இதனை அறியாதவர் ஒருநாள் மருந்திட்டு, மறுநாள் புள்ளி மறையக்கண்டு, வென்றுவிட்டதாய் மகிழ்வர். புள்ளி மறைந்தது மருந்தாலன்று. ஒட்டுண்ணி முதிர்ந்து இறங்கிவிட்டது. அடுத்த வாரம் ஒரு புள்ளி இருந்த இடத்தில் ஐம்பது புள்ளி தோன்றும். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இவ்வாழ்க்கைச் சுழல் முடிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். குளிர்ந்த நீரில் பல வாரங்கள் நீளும். வெப்பத்தை உயர்த்தினால் சுழல் விரையும், ஒட்டுண்ணி மருந்தின் முன் விரைவில் வந்து நிற்கும். 30 பாகைக்கு மேல் அதன் பெருக்கமே பெரும்பாலும் தடைப்படும். ஆகவே வெண்புள்ளி நோய்க்கு நீரைச் சூடாக்குக என்பது உலகெங்கும் மீன் வளர்ப்போர் அறிந்த விதி. விதி சரியானதே. ஆனால் நம் நாட்டில் பல மீன்களைக் கொன்றதும் இவ்விதியே. அஃது எவ்வாறு என்பது பின்னர் விளங்கும்.

இந்நோய்க்கு உடன்பிறப்புப் போல்வது ஒன்று உண்டு. புள்ளி மிகமிகச் சிறியதாய், மஞ்சள்தூளோ பொன்துகளோ தூவியது போலத் தோன்றும். இருட்டறையில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாலன்றிப் புலப்படாது. பொன்தூள் நோய் எனலாம். பிசினூடினியம் என்னும் நுண்ணுயிர் இதற்குக் காரணம். இது பச்சையமும் உடையது. ஒளியால் ஓரளவு உணவு ஆக்கிக்கொள்வது. ஆதலின் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குதல் மருத்துவத்தின் ஒரு பகுதி. மலேசிய நன்னீர் வளர்ப்புக் குளங்களில் இது கொள்ளைநோயாய்ப் பரவியமை பற்றி 1990ஆம் ஆண்டில் ஆய்வுக்கட்டுரை வெளிவந்துள்ளது. செம்புச் சேர்ந்த மருந்துகள் இதனை அடக்கும். ஆனால் நத்தையும் இறாலும் அதே மருந்தில் மடியும்.

பஞ்சும் பஞ்சுபோன்றதும்

இனி வருவதே குழப்பத்தின் நடுவிடம். மீனின் மேனியில் பஞ்சு ஒட்டியது போன்ற வெண்மை தோன்றும் நோய்கள் இரண்டு. ஒன்று பூஞ்சை, மற்றொன்று பாக்டீரியா. இரண்டையும் குலாட் என்றே கடையில் சொல்வர்.

முதலாவது சாப்ரோலெக்னியா என்பது. (இதுவும் மெய்யான பூஞ்சையன்று, பூஞ்சை போன்ற வேறோர் உயிர்க்குலத்தைச் சேர்ந்தது என்பது இன்றைய அறிஞர் கொள்கை. ஆயினும் வளர்ப்போருக்குப் பூஞ்சை என்ற பெயரே போதும்.) இது நலமான தோலை அரிதாகவே தாக்கும். வலை உரசிய இடத்திலும், மற்றொரு மீன் கடித்த இடத்திலும், ஒட்டுண்ணி கிழித்த இடத்திலும்தான் குடியேறும். செத்த முட்டைகளின் மேல் முதலில் வந்து அமர்வதும் இதுவே. நீருக்குள் பார்த்தால் நூல்நூலாய், பஞ்சுக்குஞ்சம் போல அசையும். மீனை நீரைவிட்டு எடுத்தால் குஞ்சம் படிந்து, ஈரப்பஞ்சு போல ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு மீனுக்கு வரும்; அதே தொட்டியில் உள்ள மற்றவை நலமாய் இருக்கும். வளர்ச்சியும் மெதுவானது. குளிர்ந்த நீரே இதற்கு உகந்தது.

இரண்டாவது தூண்நோய். இதன் வரலாறு அறியத்தக்கது. அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஃபேர்போர்ட் என்னும் ஊரில் மீன்வள ஆய்வுநிலையம் ஒன்று இருந்தது. அங்கே மீன்களின் மேனியில் வெண்திட்டுகள் தோன்றி, அவை விரைந்து மடிவதைக் கண்ட டேவிஸ் என்னும் அறிஞர் அத்திட்டைச் சுரண்டி உருப்பெருக்கியில் பார்த்தார். நீண்டு மெலிந்த நுண்ணுயிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்து தூண்போல எழுந்து நிற்பதைக் கண்டார். இலத்தீனில் தூணுக்குக் கொலும்னா என்பது பெயராதலின், 1922இல் அதற்குக் கொலும்னாரிஸ் எனப் பெயரிட்டு எழுதினார். ஆய்வுக்குழாயில் அதனை வளர்த்துக் காட்ட அவரால் இயலவில்லை. 1944இல் ஓர்டல், ரக்கர் என்னும் இருவரே அதனைச் செய்தனர். இன்று இவ்வுயிரின் பெயர் ஃபிளேவோபாக்டீரியம். ஓரினம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்ததை 2022இல் நான்கு இனங்களாய்ப் பிரித்தனர். அவற்றுள் ஒன்றுக்கு டேவிசின் பெயரையே சூட்டினர். நூறாண்டு கழித்துக் கிடைத்த மரியாதை.

தூண்நோயின் அடையாளங்கள் வேறு. திட்டு பஞ்சுக்குஞ்சம் போல நீண்டு அசைவதில்லை. பூசியது போலத் தட்டையாய், சாம்பல்கலந்த வெண்மையாய், சில வேளை ஓரத்தில் மஞ்சளாய் இருக்கும். முதுகுத்துடுப்பின் இருபுறமும் இறங்கிக் குதிரைமேல் இட்ட சேணம் போலத் தோன்றுதல் இதன் தனிக்குறி. வாயைச் சுற்றித் தோன்றினால் வெண்பஞ்சு கவ்வியது போலிருக்கும். உதடு அரிந்து போகும். துடுப்புகள் ஓரத்திலிருந்து கந்தலாகும். செவுளுக்குப் பரவினால் மீன் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். ஒரு மீனோடு நில்லாது. இன்று ஒன்று, நாளை மூன்று, மறுநாள் தொட்டி முழுவதும் என விரையும். லோங்காங் மீன் என நம்மவர் அழைக்கும் கப்பி மீன்களும் மோலி மீன்களும் இதற்கு எளிதில் இரையாகும்.

இதன் தலையான இயல்பு, வெப்பம் கூடக்கூட வீறுகொள்வது. 30 பாகை அளவில் கொடிய வகைகள் ஓரிரு நாளில் தொட்டியையே காலியாக்கும். வெண்புள்ளிக்குரிய விதியை வெண்மை அனைத்துக்கும் பொதுவிதியாக்கி நீரைச் சூடாக்குவோர் இங்கேதான் அழிவை விலைகொடுத்து வாங்குகின்றனர். ஐரோப்பிய நூல்களில் தொட்டிநீர் 24 பாகை என எழுதியிருக்கும். நம் தாழ்நிலப் பகுதிகளில் எதுவும் செய்யாமலே 28, 29 பாகையில் நீர் நிற்கின்றது. ஆகவே இங்கே வெண்மை கண்டால், வெப்பமானியைத் தொடுமுன் அது தூண்நோய் அன்று என உறுதிசெய்தல் வேண்டும். வெண்புள்ளி நோயோ குளிரூட்டி இரவும் பகலும் மாறிமாறி ஓடும் அறைகளிலும், கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களிலும், நெடுந்தொலைவு பயணம் செய்து புதிதாய் வந்திறங்கிய மீன்களிடத்தும் மிகுதியாய்க் காண்பது.

ஐயந்தீர்க்கும் முறை

கண் ஐயுற்றால் உருப்பெருக்கி தீர்க்கும். இடைநிலைப்பள்ளிகளில் மாணவர் வெங்காயத்தோல் பார்க்கும் அந்த உருப்பெருக்கியே போதும். மீனை நனைந்த கையால் மெல்லப் பற்றி, கண்ணாடி மூடுசில்லின் விளிம்பால் தலையிலிருந்து வால்நோக்கி, திட்டின் ஓரத்தில் ஒருமுறை வழித்தெடுத்து, தொட்டிநீர் ஒரு துளியில் வைத்து உடனே பார்த்தல் வேண்டும். குழாய்நீர் ஆகாது, அதிலுள்ள குளோரின் ஒட்டுண்ணிகளைக் கொன்றுவிடும். மீன் நீருக்கு வெளியே அரைநிமிடத்திற்கு மேல் இருத்தல் கூடாது.

பல்மகவு மீன்பேன் உருண்டு திரண்டு மெதுவாய்ச் சுழலும். அதன் நடுவே குதிரைலாடம் போன்ற வளைந்த உட்கரு தெரியும். அதனை ஒருமுறை கண்ட மாணவன் வாழ்நாளில் மறவான். பூஞ்சையாயின் தடித்த, கிளைத்த, இடைச்சுவரற்ற குழாய்கள் பின்னிக் கிடக்கும். தூண்நோயாயின் சிறிது நேரம் காத்திருத்தல் வேண்டும். முதலில் வெறும் சிதைவாய்த் தோன்றும். பெருக்கத்தை 400 மடங்காக்கி ஐந்தாறு நிமிடம் பொறுத்தால், சிதைவின் ஓரங்களில் மெல்லிய கோல்கள் ஒன்றுகூடி வைக்கோற்போர் போன்ற குவியல்களாய் எழுவதும், கோல்கள் ஊர்ந்து வளைவதும் தெரியும். டேவிஸ் கண்ட தூண்கள் அவையே.

ஓர் எச்சரிக்கை. இரவில் செத்து, காலையில் எடுத்த மீனைக் கொண்டு நோயறிய முயலுதல் வீண். ஒட்டுண்ணிகள் செத்த மீனை விட்டு இறங்கிவிடும். பூஞ்சையோ செத்த உடலில் செழித்து வளரும். திங்கட்கிழமை காலை அறிவியல் அறையைத் திறந்து, பஞ்சுபிடித்த பிணத்தைக் கண்டு, பூஞ்சையால் இறந்தது எனக் குறிப்பேட்டில் எழுதுவது இயல்பாய் நிகழும் பிழை. பூஞ்சை சனிக்கிழமைக்குப் பின் வந்ததாய் இருக்கலாம்.

முதல் மருந்து நீர்

மேற்கூறிய கிருமிகளுள் பல எப்போதும் தொட்டியில் இருப்பவையே, அல்லது புதுமீனோடு வருபவை. அவை நோயாய் மாறுவது மீன் தளரும்போதுதான். மீனைத் தளரச் செய்வது பெரும்பாலும் நீர். மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் அம்மோனியாவாகும். வடிகட்டியில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் அவை நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் இருபது மீனை வாங்கி விடுவோர் நோயை வாங்கி விடுகின்றனர் எனலாம். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் பளிச்செனக் கழுவுவோரும் அவ்வாறே. அழுக்கோடு நல்லுயிர்களும் போய்விடுகின்றன. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல் முறை.

குழாய்நீரை ஓரிரவு வாளியில் வைத்திருந்தால் குளோரின் பறந்துவிடும் என்பது பழைய வழக்கம். குளோரினுக்கு அது பொருந்தும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கலப்பது குளோரமின். அஃது ஓரிரவில் பறப்பதன்று. சோடியம் தயோசல்பேட் சேர்த்தால் அதிலுள்ள குளோரின் முறியும். கூடியிருந்த அம்மோனியா எஞ்சி நிற்கும். அதனைக் கட்டும் மருந்தையோ, நன்கு முதிர்ந்த வடிகட்டியையோ நம்புதல் வேண்டும்.

ஆகவே எந்த வெண்மையாயினும் முதல்நாள் செய்யவேண்டியவை: நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுதல், அடியில் படிந்த கழிவை உறிஞ்சி எடுத்தல், தீனியைக் குறைத்தல், காற்றுக்குமிழியை மிகுத்தல். இவற்றால் எந்த நோய்க்கும் தீங்கில்லை. பெயர் தெரிந்தபின்னரே மருந்து.

அளவறிந்து இடல்

மருந்தின் அளவு தொட்டிநீரின் அளவைப் பொறுத்தது. இது கணக்குப் பாடத்திற்கும் ஏற்ற பயிற்சி. நீளம் 60, அகலம் 30, உயரம் 35 சென்டிமீட்டர் உள்ள தொட்டியின் கொள்ளளவு 63,000 கனசென்டிமீட்டர், அதாவது 63 லிட்டர். ஆனால் எவரும் விளிம்புவரை நிரப்புவதில்லை. அடியில் மணலும் கல்லும் உண்டு. மெய்யான நீர் 50 லிட்டர் அளவே இருக்கும். 63 லிட்டருக்கு மருந்திட்டவர் கால்பங்கு மிகையாய் இட்டவராவார்.

லிட்டருக்கு 2 கிராம் வீதம் 50 லிட்டருக்கு 100 கிராம் உப்பு. சமையல் உப்பே போதும். அதனை ஒரே தடவையில் கொட்டாது, தனியே கரைத்து, மூன்று பங்காக்கி, ஒருநாள் முழுவதும் இடைவெளிவிட்டு ஊற்றுதல் வேண்டும். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்பு தூண்நோயின் பரவலைக் குறைப்பதாய் ஆய்வுகள் காட்டியுள்ளன. வெண்புள்ளிக்கும் அது துணைசெய்யும். செதிலற்ற கெளுத்தி வகை மீன்களுக்கு இதில் பாதியே தகும். நீர்ச்செடிகள் வாடும். நீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆதலின், குறைந்த நீரை ஈடுசெய்யும்போது மீண்டும் உப்பிடல் கூடாது. நீரை எடுத்து மாற்றும்போது மட்டும் எடுத்த அளவுக்கேற்ப இடுக.

வெண்புள்ளியாயின், உப்போடு வெப்பத்தைச் சில மணிக்கு ஒரு பாகையாக 30 வரை உயர்த்தி, பத்து நாள் குறையாமல் நிறுத்தல் வேண்டும். சூடான நீரில் உயிர்வளி குறையுமாதலின் காற்றுக்குமிழி மிக வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் சில நாள் தொடர்தலே வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள வேறுபாடு. மாலகைட் பச்சை என்னும் சாயம் இந்நோயைக் கடுகி அடக்கும் என்பது உண்மை. ஆயினும் அது உயிரணுக்களுக்குக் கேடு செய்யக்கூடியது. உணவுமீனுக்கு இடுதலைப் பல நாடுகள் தடைசெய்துள்ளன. சிறுவர் கைபடும் பள்ளித்தொட்டிக்கு அது தக்கதன்று.

பூஞ்சையாயின் அந்த ஒரு மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி மெத்திலீன் நீலம் இடலாம். பெருந்தொட்டியில் இட்டால் வடிகட்டியின் நல்லுயிர்கள் கெடும். கண்ணாடி ஒட்டும் பசையும் நீலமாகும். சண்டைமீன் வளர்ப்போர் கெத்தாப்பாங் மரத்தின் காய்ந்த இலையை நீரிலிடும் வழக்கம் நம் நாட்டில் பரவலாய் உள்ளது. அவ்விலையின் துவர்ப்புப்பொருள் சில பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் தடுப்பதாய் ஆய்வுகள் உண்டு. தடுப்புக்கு அது நன்று. தூண்நோய் முற்றிய மீனுக்கு இலையை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

தூண்நோயாயின் வெப்பத்தைக் குறைத்தல் வேண்டும். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு நீர்மட்டத்தின் மீது மின்விசிறியை ஓடவிட்டால், நீர் ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை இறங்கும். நோயுற்றவற்றைப் பிரித்து, உப்பிட்டு, நீரைத் தூய்மையாக்கியும் நோய் அடங்காதாயின், எஞ்சிய வழி நுண்ணுயிர்க்கொல்லி மருந்தே. ஆக்சிடெட்ராசைக்கிளின் முதலியன இதற்குப் பயன்படுவன. இவை கால்நடை மருத்துவர் எழுத்தின்பேரில் வாங்கத்தக்கவை. வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பொடித்துத் தொட்டியில் கொட்டும் வழக்கம் மீனுக்கும் தீது, மனிதருக்கும் தீது. அரைகுறை அளவில் சாகாது பிழைத்த பாக்டீரியாக்கள் மருந்துக்கு அஞ்சாதவையாகிச் சாக்கடைவழி வெளியே செல்கின்றன. மீன்நோய் ஆய்வுக்கென மலேசிய மீன்வளத்துறையின் ஆய்வுநிலையம் பினாங்கில் பத்து மாவுங்கில் உள்ளது. சிங்கப்பூரில் 2019 முதல் தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் விலங்குநல மருத்துவச் சேவை இயங்குகின்றது.

இவையனைத்தினும் மலிவான முறை ஒன்று உண்டு. புதுமீனைத் தனித்தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்தல். ஒரு வாளியும் ஒரு சிறு காற்றுக்குமிழியும் போதும். அந்த வாளிக்கு வேறு வலை வேண்டும். வலை பொதுவாயின் வாளி தனியாய் இருந்தும் பயனில்லை.

மனிதர் கையும் ஒரு தோல்

மீனின் தோல்நோய்களுள் ஒன்று மனிதர் தோலுக்கும் தாவும். மைக்கோபாக்டீரியம் மெரினம் என்பது அதன் பெயர். காசநோய்க் கிருமியின் உறவு. 1926இல் ஆரன்சன் என்பார் ஃபிலடெல்ஃபியா நகரின் மீன்காட்சிச்சாலையில் இறந்த கடல்மீன்களில் இதனைக் கண்டறிந்தார். மனிதரையும் இது பற்றும் என்பது 1951இல் சுவீடன் நாட்டில் நீச்சல்குளத்தில் குளித்தோரின் புண்களிலிருந்து தெரியவந்தது. மீனில் இதன் அடையாளம் தெளிவற்றது. உடல் மெலியும், நிறம் மங்கும், செதில் உதிரும், ஆறாப்புண் தோன்றும். எந்த மருந்துக்கும் அடங்காது ஒவ்வொன்றாய் மாதக்கணக்கில் மீன்கள் மடியும் தொட்டியை ஐயுறல் வேண்டும்.

கையில் கீறலோடு தொட்டியைக் கழுவியவருக்குச் சில வாரங்கள் கழித்து விரலிலோ புறங்கையிலோ சிவந்த கட்டி ஒன்று தோன்றும். வலி மிகுதியாய் இராது. ஆறுவது போல் ஆறாது. சிலருக்கு முன்கை நெடுகக் கட்டிகள் வரிசையாய் ஏறும். உயிருக்கு ஊறு நேர்தல் அரிது. ஆனால் மாதக்கணக்கில் மருந்துண்ண நேரும். ஆகவே தொட்டி கழுவும் பணியை மாணவரிடம் ஒப்படைக்குமுன் அவர்தம் கைகளைப் பார்த்தல் வேண்டும். காயம் உள்ளவர் அன்று விலகி நிற்க. மற்றவர் நீண்ட கையுறை அணிக. குழாயை வாயால் உறிஞ்சி நீரை இறக்கும் வழக்கம் அறவே ஒழிக. பணி முடிந்தபின் சோப்பிட்டுக் கழுவுக. ஆறாத கட்டியோடு மருத்துவரிடம் செல்வோர், வீட்டிலோ பள்ளியிலோ மீன்தொட்டி உண்டென்பதைத் தாமே முந்திச் சொல்லிவிடுதல் நன்று. அவர் அதனைக் கேட்க நினையாதிருக்கக்கூடும்.